அடிபம்புப் புராணம்

கார் நிறுத்த இடம் போதவில்லை என்று கேட்டீர்கள் அல்லவா? தப்பு உங்கள் மேல்தான்.

"உங்க காரு படுக்குற எடத்துல நாங்க ஏழு பேரு படுத்தோம் சார், வியாசர்பாடில" என்று எங்கள் ஃபிளாட்டைக் கட்டிய புரமோட்டர் ஆரம்பித்துவிட்டார். இனி அரை மணி நேரம் அவருடைய பால்யம். மற்ற நேரங்களில் வழவழவென்று பேசுகிறவர், பேட்டைக் கதை வந்துவிட்டால் மட்டும் 'இன்னா'வுக்கு இறங்கிவிடுவார்.

எந்தப் புகாரைக் கொடுத்தாலும் அதற்கேற்ற வறுமை கையிருப்பில் உண்டு. குழாயில் தண்ணீர் வரவில்லையா? விடியற்காலை மூன்று மணி, அடிபம்பு, நாற்பது குடம் வரிசை. சுவரில் ஓதமா? "எங்க வூட்ல செவுரே கெடியாது சார்." லிஃப்ட் நின்றுவிட்டதா? குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குடம் சுமந்து மூன்றாவது மாடி ஏறிய கதை. எனக்குச் சொன்னபோது மூன்று. கீழ்வீட்டுக்காரருக்கு நான்கு. போன மாதம் குடிவந்தவர் ஐந்து என்கிறார். வாரியம் கட்டாத மாடியெல்லாம் இவர் ஏறியிருக்கிறார். கதையில் எழும்பிய வேகத்தில் எங்கள் சைட்டிலும் மாடி எழும்பியிருந்தால் எனக்கு இரண்டு வருட வாடகை மிச்சமாகியிருக்கும்.

1996-இல் பி அண்ட் சி மில் மூடி அப்பாவுக்கு வேலை போனதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கும். அந்த இடத்தில் நான் சிரிப்பதில்லை.

பேட்டை கற்றுக்கொடுத்ததும் வீண்போகவில்லை. மழைக்கு மழை கணேசபுரம் சுரங்கப்பாதை முழுகுவதைப் பார்த்து வளர்ந்தவர். மனை வாங்கப் போனால் பத்திரத்தைப் பிரிக்குமுன் பக்கத்து வீட்டுச் சுவரில் வெள்ளக்கறை எவ்வளவு உயரம் என்று பார்ப்பார். அதற்கு மேலே இரண்டு அடி ஏற்றித்தான் அடித்தளம். 2023 மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் வாசற்படியோடு தண்ணீர் நின்றது இவர் கட்டடத்தில் மட்டும்தான். அன்று ராத்திரி கைலியை மடித்துக் கட்டி, பால் பாக்கெட் பையைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் வந்தார். வீட்டுக்கு இரண்டு கொடுத்தார். கதை சொல்லவில்லை.

அதற்காக, வீட்டைத் தாமதமாகக் கொடுத்ததற்கான வட்டியை விட்டுவிட முடியுமா? அடிபம்பில் நின்றது அவர்; வங்கித் தவணையும் வாடகையும் சேர்த்து இருபத்திரண்டு மாதம் கட்டியது நான். ரியல் எஸ்டேட் சட்டம் 2016, பதினெட்டாவது பிரிவு: சொன்ன தேதியில் வீட்டை ஒப்படைக்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் வாங்கியவருக்கு வட்டி தர வேண்டும். அச்செடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். கண்ணாடி போட்டு ஒரு வரி விடாமல் படித்தார். பையனைக் கூப்பிட்டு இரண்டு டீ சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வட்டியா சார்? எங்கம்மா ஒரு தடவ தண்டலுக்குத் துட்டு வாங்கிச்சு பாருங்க..."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.