சட்டாம்பிள்ளை

திண்ணைப் பள்ளிக்கூடங்கள் மறைந்துவிட்டன. ஆனால், வாத்தியார் இல்லாத வேளைகளில் பிரம்பைக் கையில் பிடித்துக்கொண்டு மற்றப் பிள்ளைகளை அடக்கி உட்காரவைத்து, தன் பாடத்தை மட்டும் ஒருநாளும் ஒப்பிக்காமல் காலங்கழித்த சட்டாம்பிள்ளை மறைந்துவிடவில்லை என்பதையும், திறமூல மென்பொருள் உலகத்தில் அவர் பரம சௌக்கியமாகவே இருக்கிறார் என்பதையும் வாசகர்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

முகமறியாத ஆயிரக்கணக்கான பேர் தேசம் தேசமாகப் பரந்திருந்து, அநேகமாகக் கூலி வாங்காமலே நிரல் எழுதி உலகத்துக்குத் தானம் செய்கிற அந்த இடத்தில், தானத்தோடு கூடவே சச்சரவும் தாராளமாக இருந்து வருவதால், இன்னபடி பேசலாம், இன்னபடி பேசலாகாது என்று நடத்தை விதிகளை எழுதி, நிரலுக்குப் பக்கத்திலேயே ஒரு கோப்பாக வைத்துக்கொள்ளும் வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. நம் சட்டாம்பிள்ளை அந்தக் கோப்பின் அநந்ய பக்தர். கோயிலுக்குப் போய் மூலவரைச் சேவிக்காமல், ‘செருப்பை இங்கே விடக் கூடாது’ என்ற பலகையை மட்டும் பிரதட்சிணம் செய்துவிட்டுத் திரும்புகிறவரைப் போல, நிரல் இருக்கும் திசையை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

அவருடைய வித்வத்தைக் குறை சொல்ல முடியாது. 2014-ல் கோரலைன் அடா எம்கி எழுதி, எண்ணற்ற திட்டங்கள் அப்படியே பிரதி செய்துகொண்ட ‘கான்ட்ரிபியூட்டர் கவனென்ட்’ என்னும் விதித்தொகுப்பின் 1.4-ஆம் பதிப்புக்கும் 2.0-க்கும் உள்ள பாடபேதங்களை, உரையாசிரியர் சுவடி ஒப்பிடுவதுபோல ஒப்பிட்டுக் காட்டுவார். லினக்ஸை ஆக்கியவரும் வாய்த்துடுக்குக்குப் பேர்போனவருமான லினஸ் டோர்வால்ட்ஸ், 2018 செப்டம்பர் 16-ஆம் தேதி தம் கடுஞ்சொற்களுக்காக மன்னிப்புக் கேட்டுச் சிலகாலம் ஒதுங்கியதையும், லினக்ஸ் கெர்னலில் 2015 முதல் இருந்துவந்த ‘மோதல் விதி’ போய் மேற்படி தொகுப்பைத் தழுவிய புதிய விதி வந்ததையும், புராணப் பிரசங்கம்போல ஏற்ற இறக்கத்தோடு சொல்வார். அதே ஆண்டில், எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்தை ஆக்கியவர்கள், ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் மடத்துத் துறவிகளுக்கு வகுத்த 72 கட்டளைகளையே தங்கள் நடத்தை விதியாக வைத்திருப்பது தெரியவந்தபோது, நிரல் எழுத உபவாசம் எதற்கு என்று ஊரெல்லாம் சிரித்தது; அவர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அதிகம் சிரிக்கலாகாது என்பதும் அந்த 72-க்குள் ஒன்று என்பதை அவர் கவனித்திருந்தார்.

அவருடைய திருப்பணியை ஒரு திட்டத்தில் நான் நேரில் பார்த்திருக்கிறேன். புதிதாக வந்த ஓர் இளைஞர், ‘ஹாய் கைஸ், லீப் வருஷத்தில் தேதி தவறாக விழுகிற பிழையைச் சரிசெய்திருக்கிறேன்’ என்று ஏழே வரியில் ஒரு திருத்தத்தை அனுப்பினார். ‘கைஸ்’ என்ற சொல் ஸ்திரீகளையும் உள்ளடக்குமா என்பதைப் பற்றி, ஒரு கடுஞ்சொல்கூட இல்லாமல், முடிவில் ஒரு புன்னகைப் பொம்மையோடு, நான்கு பத்திகளில் நம்மவர் விளக்கம் எழுதினார். இளைஞர் மன்னிப்புக் கேட்டார். அந்த மன்னிப்பில் ‘கிரேஸி’ என்று ஒரு வார்த்தை விழுந்துவிட, அதற்கு இரண்டு பத்திகள் வந்தன. அதன் பிறகு இளைஞர் வரவில்லை. ஏழு வரிகளும் பார்ப்பாரற்றுக் கிடக்கின்றன. லீப் வருஷத்தில் தேதியும் வழக்கம்போலத் தவறாகவே விழுந்துகொண்டிருக்கிறது.

அடுத்த வாரமே, திட்டத்தில் பாதி நிரலை எழுதிய பெரியவர் ஒருவர், வேறொரு புதியவரின் வேலையைப் பார்த்து, ‘இது குப்பை, உமக்கு இந்தத் தொழில் வேண்டாம்’ என்று பகிரங்கமாக எழுதினார். இத்தகைய பெரியவர்களுக்காகத்தானே விதி என்ற ஒன்றே பிறந்தது! சட்டாம்பிள்ளை பாய்ந்து வருவார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். அன்று அவர், விதியின் மூன்றாம் பத்தியில் ஒரு காற்புள்ளி இருக்கலாமா கூடாதா என்ற தர்க்கத்தில் ஆழ்ந்திருந்தார். திண்ணையிலும் அப்படித்தான்: மிராசுதார் வீட்டுப் பிள்ளையின் முதுகைப் பிரம்பு தொட்டதில்லை.

வசைபட்டவர், முறைப்படி புகார் செய்யலாமென்று அந்தக் கோப்பைத் திறந்தார். புகார்களை எங்கே அனுப்ப வேண்டும் என்ற இடத்தில், மாதிரிப் படிவத்தில் இருந்தபடியே, சதுர அடைப்புக்குறிக்குள், ‘மின்னஞ்சல் முகவரியை இங்கே இடுக’ என்று இருந்தது. பிரதி செய்த நாள் முதலாக அங்கே யாரும் முகவரியை இடவில்லை. நம்மவர் கொண்டுவந்த பதினொரு திருத்தங்களும் அந்த வரியைச் சுற்றிக்கொண்டு போயிருந்தன. அநியாயம் நேர்ந்தால் அதைக் காதுகொடுத்துக் கேட்க ஓர் ஆள் இல்லாத விதி, எத்தனை நயமான நடையில் இருந்தாலும் வெறும் இலக்கியம்தான் என்று எனக்குத் தோன்றியது.

விஷயத்தைச் சட்டாம்பிள்ளையிடம் தெரிவித்தேன். நன்றி கூறி அந்த வரியை உற்றுப் பார்த்தார். அது முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இருப்பது படிப்பவரை அதட்டுவதுபோல் இருக்கிறதென்றும், சிறிய எழுத்துகளாக மாற்ற வேண்டுமென்றும், அன்று மாலையே பன்னிரண்டாவது திருத்தத்தைக் கொண்டுவந்தார். திருத்தம் ஏகமனதாக நிறைவேறியது. முகவரி இன்னும் போடப்படவில்லை.