மூன்று போப்புக்கு ஓர் ஏரிக்கரை

கான்ஸ்டன்ஸ் என்று ஓர் ஊர். ஜெர்மனியின் தென்கோடியில், போடன்சே ஏரிக்கரையில் இருக்கிறது. பழைய ஊரில் கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டே தெற்குப் பக்கம் நடந்தால், கொஞ்ச நேரத்தில் ஸ்விட்சர்லாந்தில் நின்றுகொண்டிருப்பீர்கள். சர்வதேசப் பயணம் இவ்வளவு சல்லிசாக வேறெங்கும் கிடைக்காது.

இந்த ஊரில்தான் 1414 முதல் 1418 வரை ஐரோப்பாவின் பெரிய மனிதர்கள் எல்லாரும் கூடி கத்தோலிக்கத் திருச்சபையைக் காப்பாற்றினார்கள் என்று சரித்திரப் புத்தகம் சொல்லும். என்ன ஆபத்து? ரோமாபுரிக் கட்சிக்கு ஒரு போப், பிரான்சின் அவிஞ்ஞோன் கட்சிக்கு ஒரு போப் என்று இரண்டு பேர் இருந்தார்கள். இது அசிங்கம் என்று 1409-ல் பைசா நகரத்தில் பஞ்சாயத்துக் கூட்டி, இருவரையும் டிஸ்மிஸ் செய்துவிட்டு, புதிதாக ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். பழைய இருவரும் அசையவில்லை. பஞ்சாயத்து கலைந்தபோது போப்புகள் மூன்று பேர்!

அந்த மூன்றாவது நாற்காலிக்கு அடுத்த வருடமே வந்து சேர்ந்தவர் இருபத்து மூன்றாம் ஜான். இயற்பெயர் பல்தசாரே கோஸா. இளமையில் கடற்கொள்ளை அடித்தவர் என்று வதந்தி. கூட்டத்துக்கு வரும் வழியில், ஆல்ப்ஸ் மலையில் அவருடைய வண்டி பனியில் குடைசாய்ந்தது. பதறி ஓடி வந்தவர்களிடம், சாத்தானின் பெயரைச் சொல்லி ஒரு வசவு விட்டாராம். கர்த்தரின் பிரதிநிதிக்கு ஆபத்தில் ஞாபகம் வந்த பெயர் அதுதான்.

இதை எழுதி வைத்த புண்ணியவான் உல்ரிச் ரிச்சென்டால், உள்ளூர்க்காரர். இறையியல் விவாதங்களில் மனிதருக்குப் பெரிய ஆர்வம் இருந்ததாகத் தெரியவில்லை. யார் எத்தனை குதிரையோடு வந்தார், மீன் என்ன விலை, இதெல்லாம்தான் அவர் சப்ஜெக்ட். அவர் புத்தகத்தின் படங்களில், சக்கரம் வைத்த அடுப்பைத் தெருவில் நிறுத்திச் சுடச்சுடப் பலகாரம் போட்டு விற்கிறார்கள். ஃபுட் டிரக்கை நாம் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறோம், பாவம். ஏழெட்டாயிரம் பேர் இருந்த ஊருக்கு எழுபதாயிரத்துக்கும் மேல் வந்தார்கள் என்பது அவர் கணக்கு. கொஞ்சம் தள்ளுபடி கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். புனிதர்கள் கூடிய இடத்துக்கு விலைமாதர்களும் வந்து குவிந்தார்கள். அவர்களையும் எண்ணத் தொடங்கியவர் 700-க்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். ஏன் என்று கேட்கும் தைரியம் எனக்கில்லை.

கூட்டத்தைக் கூட்டிய மகாராஜா சிகிஸ்மண்டின் என்ட்ரியைப் பாருங்கள். கிறிஸ்துமஸ் நள்ளிரவு. ஏரியில் படகேறி வந்து இறங்குகிறார். போப் உட்பட அத்தனை பேரும் அவருக்காகக் காத்திருக்கிறார்கள். நேராகப் பேராலயத்துக்குப் போய், திருத்தொண்டர் உடை போட்டுக்கொண்டு நற்செய்தி வாசிக்கிறார். என்ன பகுதி? அகஸ்டஸ் சீசர் கட்டளை பிறப்பித்த பகுதி. அன்றைக்கு உரிய வாசகமே அதுதான், அவர் மேல் தப்பில்லை. ஆனால் மனிதர் அனுபவித்து வாசித்திருப்பார்.

இவர் ஒருமுறை லத்தீனில் பேசும்போது ஒரு சொல்லின் பாலைத் தவறாகச் சொல்லிவிட்டார் என்று ஒரு கதை உண்டு. நக்கீரர் பரம்பரைபோல, ஒரு கார்டினல் எழுந்து திருத்தினார். "நான் ரோமானியர்களின் ராஜா, இலக்கணத்துக்கும் மேலே" என்றாராம் சிகிஸ்மண்ட். கதை உண்மையோ பொய்யோ, ஐரோப்பா அதை மறக்கவில்லை. அவர் போட்ட சட்டங்கள் யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

மூன்று பேரையும் விலக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஜானுக்குக் கடற்காற்று ஞாபகம் வந்துவிட்டது. 1415 மார்ச் 20. ஆஸ்திரியப் பிரபு ஃப்ரீட்ரிச் ஏற்பாட்டில் வீர விளையாட்டு. ஊரே வாய்பிளந்து குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, போப்பாண்டவர் குதிரைக்காரன் வேஷத்தில் ஊரைவிட்டு நழுவினார். பிடித்து வந்தார்கள். பதவி போனது. பக்கத்து கோட்லீபன் கோட்டையில் கொஞ்ச நாள் அடைத்தார்கள்.

அதே கோட்டையில்தான் அந்த வருடம் யான் ஹுஸையும் அடைத்திருந்தார்கள். பிராகாவிலிருந்து வந்த போதகர். திருச்சபையின் ஊழலைப் பற்றிப் பேசியவர். உயிருக்கு ஆபத்தில்லை என்று சிகிஸ்மண்ட் கொடுத்த பாதுகாப்புக் கடிதத்தை நம்பி வந்தவர். 1415 ஜூலை 6 அன்று அவரை உயிரோடு கொளுத்தி, சாம்பலை ரைன் நதியில் கரைத்தார்கள். இங்கே எனக்கு ஜோக் வரவில்லை. கோஸாவோ பிற்பாடு மறுபடி கார்டினல் ஆனார். ஃபுளோரன்சில் அவர் கல்லறையைச் செய்தவர்களில் ஒருவர் டொனடெல்லோ. சொல்லை நம்பி வந்தவருக்குச் சாம்பல், ஓடிப்போனவருக்கு டொனடெல்லோ.

கரையில் சரிவான கூரையோடு ஒரு பெரிய கட்டடம் நிற்கிறது. 'கான்சில்' என்று பெயர். இங்கேதான் மாநாடு நடந்தது என்று பயபக்தியோடு படம் எடுப்பார்கள். மாநாடு நடந்தது பேராலயத்தில். இது 1388-ல் கட்டிய வணிகர் கிடங்கு. 1417 நவம்பரில் 53 பேரை இதற்குள் பூட்டி வைத்துப் புதுப் போப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். அது மட்டும் உண்மை. ஜெயித்த ஒட்டோனே கொலோன்னாவுக்கு அதுவரை குருப்பட்டமே கிடையாது! ஒருநாள் திருத்தொண்டர், மறுநாள் குரு, அதற்கு மறுநாள் ஆயர் என்று அவசர அவசரமாகப் பட்டங்களைக் கொடுத்து முடித்தார்கள். கட்டடம் இப்போது ரெஸ்டாரன்ட். சிகிஸ்மண்ட் ஊரை விட்டுப் போனபோது கடனை அடைக்காமல் போனார். கடைக்காரர்களின் ஊரில் இதைத்தான் பாவம் என்பார்கள்.

ஆறு நூற்றாண்டு மனத்தாங்கலை 1993-ல் ஒரு சிற்பி தீர்த்துவைத்தார். துறைமுக முனையில் பீட்டர் லெங்க் வைத்த 'இம்பீரியா': 9 மீட்டர் உயரம், 18 டன் எடை, தாராளமான கழுத்திறக்கம், நாலு நிமிடத்துக்கு ஒரு தடவை நிதானமாகச் சுற்றும் தாசி. இரண்டு உள்ளங்கையிலும் இரண்டு தொந்திக் கிழவர்கள், அம்மணமாக. ஒருவர் தலையில் மகுடம், இன்னொருவர் தலையில் போப்பின் முடி. "ஐயோ, அது ராஜாவும் போப்பும் இல்லை, அவர்கள் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்ட கோமாளிகள்" என்பது சிற்பியின் விளக்கம். ரொம்ப நல்லது. ஊரில் கொந்தளித்தார்கள். சிலை நிற்கும் இடமோ அப்போது ரயில்வேக்குச் சொந்தம். நகரசபையால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நிஜ இம்பீரியா மாநாடு முடிந்து பல பத்தாண்டு கழித்துப் பிறந்த ரோமாபுரிக்காரி. மாநாட்டுக்கு அவளைக் கூட்டிவந்தது பால்சாக்கின் கதை. பிறக்காதவள் வந்து ஊரின் அடையாளமாகிவிட்டாள். இன்று சுற்றுலாக் கையேடுகளில் முதல் படம் யாருடையது என்கிறீர்கள்?

எல்லைக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ஊர்கள் எல்லாம் விளக்கை அணைத்தபோது, இந்த ஊர் மட்டும் எரியவிட்டது. ஒட்டியிருந்த க்ராய்ஸ்லிங்கன் ஸ்விஸ் ஊர். அதன் வெளிச்சத்தோடு வெளிச்சமாகக் கலந்து, குண்டுக்குத் தப்பித்தது என்பார்கள். 1939-ல் போட்ட எல்லை வேலியை 2006-ல் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் டாரட் சீட்டுப் படங்களை வைத்து 22 சிற்பங்களை நிறுத்தினார்கள். 2020 கொரோனாவில் வேலி திரும்பி வந்தது. அந்தப் பக்கம் காதலி, இந்தப் பக்கம் காதலன், கம்பி இடுக்கில் முத்தம். அதிகாரிகள் யோசித்தார்கள். இரண்டு மீட்டர் தள்ளி இன்னொரு வேலி போட்டார்கள்!

மற்ற நாளில் ஸ்விஸ்காரர்கள் இங்கே வந்து ஷாம்பூவும் இறைச்சியும் அள்ளிக்கொண்டு, வரியைத் திரும்ப வாங்கப் பச்சை ரசீதும் கையுமாகச் சுங்கச்சாவடி வரிசையில் நிற்பார்கள். சொத்தில் குறைச்சல் இல்லாத தேசம்தான். ரசீது என்றால் யாருக்கும் ஆசை வரும்.

தரையில் இவ்வளவு கறார். தண்ணீரில்? ஏரியின் பெரும்பகுதியில் எல்லை எங்கே என்று இன்றுவரை முடிவாகவில்லை. நட்டநடுவில் கோடு என்கிறது ஸ்விட்சர்லாந்து. எல்லாருக்கும் பொது என்கிறது ஆஸ்திரியா. ஜெர்மனி வாயே திறக்கவில்லை. ஆனால் அந்தத் தண்ணீரில் யார் எந்த வலையில் எந்த மீனைப் பிடிக்கலாம் என்பதற்கு மட்டும் 1893-லேயே ஒப்பந்தம் போட்டுக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.