பானா, பிரையனா?

கே: ஏசி/டிசி குழுவின் அசல் பாடகர் யார் மாமா? பான் ஸ்காட்டா, பிரையன் ஜான்சனா? ஒரே பெயர் சொல்ல வேண்டும். மழுப்பக் கூடாது.

ப: டேவ் எவன்ஸ். 1974-ல் வந்த முதல் சிங்கிளைப் பாடியவர் அவர். பானே இரண்டாவதாக வந்தவர்தான். 'அசல்' என்று ஆரம்பித்தால் உங்கள் கட்சியும் காலி, எதிர்க்கட்சியும் காலி.

கே: விளையாடாதீர்கள். பான் போன அன்றே ஏசி/டிசியும் போய்விட்டது என்கிறேன் நான்.

ப: பான் இறந்தது 1980 பிப்ரவரி 19. லண்டனில், கிழக்கு டல்விச்சில் நிறுத்தியிருந்த ஒரு காரில் கிடந்தார். வயது 33. மிதமிஞ்சிய குடி. பிரையன் பாடிய 'பேக் இன் பிளாக்' வெளிவந்தது அதே ஆண்டு ஜூலை 25.

செத்துப்போன குழு ஐந்தே மாதத்தில் அப்படி ஓர் ஆல்பம் போட்டதென்றால், உயிரோடிருந்த குழுக்களெல்லாம் அந்த ஐந்து மாதம் என்ன செய்துகொண்டிருந்தன?

கே: அதைத்தான் நானும் கேட்கிறேன். ஐந்தே மாதம்! கண்ணீர் காய்வதற்குள் அடுத்த ஆளா? நெஞ்சில் ஈரம் வேண்டாமா?

ப: நிறுத்திவிடாதீர்கள், வேறு ஆளைப் பாருங்கள் என்று இறுதிச் சடங்கில் சொன்னவர் பானின் அப்பா. குழுவின் கிதார் கலைஞர்களான யங் சகோதரர்கள், மால்கமும் ஆங்கஸும், இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். பெற்றவருக்கு இல்லாத ஆட்சேபம் நமக்கு எதற்கு?

ஈரம் எங்கே என்கிறீர்களா? அந்த ஆல்பத்தின் அட்டையைப் பாருங்கள். முழுக்கக் கறுப்பு, துக்கத்துக்காக. கடையில் எடுபடாது என்று கம்பெனி முரண்டுபிடித்தது. குழுவின் பெயரைச் சுற்றி மெல்லிய சாம்பல் கோடு போட மட்டும் சம்மதித்தார்கள். ஊசியை வைத்தால் முதலில் கேட்பது கிதார் இல்லை, சாவு மணி. லஃப்பரோவில் ஜான் டெய்லர் பட்டறை வார்த்த, ஒரு டன் எடையுள்ள வெண்கல மணி.

இதைவிட உரத்த இரங்கல் கூட்டம் ராக் இசையில் நடந்ததில்லை.

கே: பிரையனை எங்கிருந்து பிடித்தார்கள்?

ப: பானே கைகாட்டிவிட்டுப் போன ஆள். 1973-ல் பான் தன் பழைய குழுவோடு இங்கிலாந்தில் சுற்றியபோது, 'ஜார்டி' என்ற குழுவும் சேர்ந்து வாசித்தது. அதன் பாடகர் மேடையில் விழுந்து புரண்டு அலறினார். 'லிட்டில் ரிச்சர்டுக்கு அப்புறம் இப்படி ஒரு பாடகனை நான் பார்க்கவில்லை' என்கிற ரீதியில் பான் பிற்பாடு நண்பர்களிடம் சிலாகித்தார். அலறியவர் பிரையன். அன்று அவருக்குக் குடல்வால் வலி என்பது பிறகுதான் தெரிந்தது.

குடல்வால் ஒருவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தது மருத்துவ வரலாற்றிலேயே அந்த ஒரு முறையாகத்தான் இருக்கும்.

கே: அப்போது அவர் பெரிய நட்சத்திரமா?

ப: 1973-ல் 'ஜார்டி'க்கு ஒரு பாட்டு பிரிட்டனில் ஆறாம் இடம் வரை ஏறியது. 1980-ல் மனிதர் கார்களுக்கு வினைல் கூரை போட்டுக்கொண்டிருந்தார். தேர்வுக்கு வந்தவர் மேலே போகாமல், கீழே குழுவின் வேலையாட்களோடு பூல் ஆடிக்கொண்டிருந்தார். மேலே போனதும் டீனா டர்னர் பாட்டு ஒன்று, பானின் 'ஹோல் லாட்டா ரோஸி' ஒன்று. முடிந்தது.

ஏப்ரல் 1 அன்று அறிவித்தார்கள். யாரும் ஏமாறவில்லை.

கே: 'பேக் இன் பிளாக்' வரிகளெல்லாம் பானின் நோட்டுப் புத்தகத்திலிருந்து சுட்டவையாமே?

ப: கடைசி நாட்களில் பான் ஒத்திகை அறைக்கு வந்து யங் சகோதரர்களுக்கு டிரம்ஸ் வாசித்துக் கொடுத்தார். அதுவரை எல்லாருக்கும் சம்மதம். அதற்கு மேல் ரசிகர் சண்டை, நாற்பது வருடத்துக்கும் மேலாக. இசைத்தட்டில் இருக்கும் பெயர்கள் யங், யங், ஜான்சன். அந்த நோட்டு வெளிச்சத்துக்கு வரட்டும், பேசுவோம். அதுவரை பட்டா யார் பெயரில் இருக்கிறதோ, நிலம் அவருடையது.

கே: சரி, எழுத்தில் யார் கெட்டி?

ப: பான். இதில் வாய்தாவே கிடையாது.

சிறுவர் சீர்திருத்தப் பள்ளியில் இருந்தவர். தபால்காரராக அலைந்தவர். உர மூட்டைக் கிடங்கில் உழைத்தவர். 1974-ல் மோட்டார் சைக்கிள் விபத்தில் நினைவிழந்து, நாள்கணக்கில் கிடந்து, பிழைத்து வந்தவர். காலிச் சட்டைப்பையையும் கடன்காரனையும் வைத்து அவர் அடித்த கிண்டல், 1978-ல் வந்த 'பவரேஜ்' ஆல்பம் முழுக்கக் கிடக்கிறது. அப்படி எழுத அனுபவம் மட்டும் போதாது, குறும்பும் வேண்டும். பானிடம் இரண்டும் வண்டி வண்டியாக இருந்தன.

பிரையன் முதல் ஆல்பத்தில் அசத்தினார், மறுக்கவில்லை. ஆனால் 1990-லிருந்து வரிகளையும் யங் சகோதரர்களே எழுதினார்கள். 'தண்டர்ஸ்ட்ரக்' உட்பட.

பான் பாடினால் தெருமுனையில் ஒரு கில்லாடி கதை சொல்வான், நாம் சிரிப்போம். பிரையன் பாடினால் தெருவே எழுந்து நிற்கும்.

கே: பிரையன் பாடவில்லை, கத்துகிறார் என்கிறாள் என் மனைவி.

ப: சுருதி விலகாமல் அந்த உயரத்தில் நான்கு நிமிடம் நீங்கள் கத்திக் காட்டுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டும்வரை அவகாசம்.

கே: விற்பனையில் ஜெயித்தது பிரையன்தானே?

ப: 'பேக் இன் பிளாக்' அமெரிக்காவில் மட்டும் இரண்டரைக் கோடி என்று 2019-ல் சான்றிதழ் வாங்கியது. ஆனால் அங்கே பட்டியலில் அது நான்காம் இடத்தைத் தாண்டவில்லை.

இப்போது வேடிக்கையைக் கேளுங்கள். 1976-ல் பான் பாடிய 'டர்ட்டி டீட்ஸ்' ஆல்பத்தை அமெரிக்கக் கம்பெனி வேண்டாம் என்று ஒதுக்கியது. பிரையன் ஹிட்டானதும் 1981-ல் அவசர அவசரமாக எடுத்து வெளியிட்டது. மூன்றாம் இடம்! மறைந்தவர், இருப்பவரை ஒரு படி முந்தினார். அதே ஆண்டின் கடைசியில் 'ஃபார் தோஸ் அபவுட் டு ராக்' முதலிடம் பிடித்து பிரையன் கணக்கை நேர் செய்தார்.

கே: அதே 1980-ல் டிரம்மர் ஜான் பானம் இறந்ததும் லெட் செப்பெலின் கௌரவமாகக் கலைந்தது. ஏசி/டிசிக்கு அந்த ரோஷம் ஏன் இல்லை?

ப: செப்பெலின் செய்தது அவர்களுக்குச் சரி. நான்கு பேர் மேடையில் ஒருவரையொருவர் கேட்டுக் கேட்டு அங்கேயே பின்னிய இசை அது. ஒருவர் போனால் பின்னல் பிரிந்துவிடும். ஏசி/டிசி வேறு ரகம். அதன் ஆணிவேர் பாடகரிடம் இல்லை.

கே: தெரியும். பள்ளிச் சீருடையில் துள்ளும் ஆங்கஸிடம்!

ப: தப்பு. அவர் அண்ணன் மால்கமிடம்.

கிரெட்ச் கிதாரில் இருந்த பிக்கப்புகளைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒன்றே ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டவர் மால்கம். ஆம்ப்ளிஃபையருக்குப் பக்கத்தில் ஓரமாக நிற்பார். கோரஸ் பாட மட்டும் மைக்குக்கு வருவார், பாடிவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். தம்பி மேடையெங்கும் ஓடியது, அண்ணன் ஓர் இழைகூடப் பிசகமாட்டார் என்ற தைரியத்தில். ரிஃப்பில் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர். அந்த நிறுத்தத்தில்தான் பாடகருக்கு இடம் கிடைக்கிறது. பானுக்கும் அதே இடம், பிரையனுக்கும் அதே இடம்.

2014-ல் மறதி நோயால் விலகினார். 2017 நவம்பர் 18-ல் மறைந்தார், 64 வயதில். 2020-ல் வந்த 'பவர் அப்' ஆல்பத்தின் எல்லாப் பாடல்களிலும் அவர் பெயர் இருக்கிறது. அண்ணனும் தம்பியும் சேர்த்துவைத்திருந்த ரிஃப்களைத் தோண்டி எடுத்துத்தான் ஆங்கஸ் அந்தத் தட்டையே செய்தார். பான் போனபோது அழுத ரசிகர்கள் மால்கமுக்கும் அதே அளவு அழ வேண்டும். பாதிப் பேர் அழவில்லை. எனக்கு அதில் கோபம்தான்.

கே: 2016-ல் ஆக்ஸல் ரோஸ் பாடியது?

ப: கேட்கும் திறனே போய்விடும் என்று டாக்டர்கள் எச்சரித்ததால் பிரையன் சுற்றுப்பயணத்தின் பாதியில் விலகினார். ஆக்ஸல், காலில் அடிபட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடி லிஸ்பனில் தொடங்கினார். நன்றாகவே பாடினார். மேடையில் ஆண்டுக்கணக்கில் கேட்காத பான் காலப் பாடல்கள் திரும்ப வந்ததும் அந்தச் சுற்றில்தான். அந்தப் புண்ணியம் அவர் கணக்கில்.

பிரையன் காதில் பொருத்தும் புதுக் கருவியோடு திரும்பி, 2024-ல் ஐரோப்பாவில் பாடினார். 76 வயதில். நம்மில் பலருக்கு அந்த வயதில் மாடிப்படியே கச்சேரி.

கே: 'இட்ஸ் எ லாங் வே டு தி டாப்' பாட்டை மட்டும் பிரையன் மேடையில் தொடுவதில்லையே, ஏன்?

ப: அது பானின் பாட்டு. பேக்பைப் வாசித்ததும் அவரே. சொந்தக்காரர் இல்லாத வீட்டில் பூஜையறைக்குள் பிரையன் நுழைவதில்லை. பான் கட்சிக்காரர்கள் முதலில் இதற்காகவாவது அவருக்கு ஒரு வணக்கம் வைக்கலாம்.

கே: இறந்த பாடகரின் இடத்தில் வேறொருவரை வைத்து ஜெயித்த குழு இன்னொன்று?

ப: ஆலிஸ் இன் செயின்ஸ். லேன் ஸ்டேலி 2002-ல் இறந்தார். ஏழு ஆண்டு கழித்து வில்லியம் டுவால் குரலோடு 'பிளாக் கிவ்ஸ் வே டு ப்ளூ'. டுவாலும் பிரையனைப் போலவே போனவரை நகலெடுக்கவில்லை.

கே: முடிவாக உங்கள் தீர்ப்பு? என் தம்பியும் நானும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறோம்.

ப: சிறந்த பாடகர் பான். சிறந்த ஆல்பம் 'பேக் இன் பிளாக்'. இரண்டும் உண்மை. முதலில் தம்பியைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். 'பவரேஜ்' போடுங்கள், அது முடிந்ததும் 'பேக் இன் பிளாக்'. இரண்டிலும் இடது பக்க ஸ்பீக்கரைக் கவனியுங்கள், மால்கம் அங்கேதான் இருப்பார். அதற்குப் பிறகும் சண்டை தீரவில்லை என்றால் எழுதுங்கள்.