சாண்ட்விச்சும் சம்பந்தியும்

கேள்வி: ஆகஸ்டில் மகளுக்கு இங்கிலாந்தில் தோட்டக் கல்யாணம். மாப்பிள்ளை வெள்ளைக்காரர். விருந்தாக 'ஆஃப்டர்நூன் டீ'யாம். டீயும் பிஸ்கட்டும் கொடுத்தே அனுப்பிவிடுவார்களோ?
– ஒரு வாசகி, கோவை

பதில்: பயப்படாதீர்கள். 1840 வாக்கில் பெட்ஃபோர்ட் சீமாட்டி அன்னா, ராச்சாப்பாடு வரை பசி தாங்காமல் ஆரம்பித்துவைத்ததாகச் சொல்லப்படும் வழக்கம் இது. பசிக்காரர் கண்டுபிடித்த விருந்தில் வயிறு காயாது. மூன்றடுக்குத் தட்டில் கீழே சாண்ட்விச், நடுவில் ஸ்கோன், உச்சியில் கேக். சைவச் சொந்தங்களுக்கு வெள்ளரிக்காய் சாண்ட்விச் இருக்கிறது. காயை உப்புப் போட்டு வடித்து, ரொட்டியில் ஓரம்வரை வெண்ணெய் தடவச் சொல்லுங்கள். இல்லையேல் தாலி கட்டுவதற்குள் ரொட்டி நமுத்துவிடும்.

ஸ்கோனுக்கு கெட்டி கிரீமும் ஸ்ட்ராபெரி ஜாமும். டெவன்காரர் முதலில் கிரீம் பூசுவார், கார்ன்வால்காரர் முதலில் ஜாம். சம்பந்தி எந்த ஊர் என்று விசாரித்துவிட்டுக் கத்தியைத் தொடுங்கள். வடகலை, தென்கலை பார்த்த நமக்கு இதெல்லாம் புதிதா?

ஆகஸ்டில் அங்கே ஜாமுக்கு அழையா விருந்தாளியாகக் குளவிகள் வரும். ஜாடிக்கு மூடி அவசியம். 8 டிகிரிக்கு மேல் குளிர்பதார்த்தங்களை 4 மணி நேரம்தான் வெளியே வைக்கலாம் என்பது அந்நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. ஆகவே மாமாக்களின் வாழ்த்துரையைச் சுருக்கச் சொல்லுங்கள். கோடைதானே என்று நம்பிக் கூடாரத்தை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்; இங்கிலாந்து மழை முகூர்த்தம் பார்ப்பதில்லை.