எளிமை அம்மையார்

ஆடம்பரப் பிரியர்களோடு எப்படியாவது காலம் தள்ளிவிடலாம். கையிருப்புத் தீர்ந்தாலும் சரி, வாங்கிய பண்டங்களை வைக்க இடம் தீர்ந்தாலும் சரி, ‘போதும்’ என்று அவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். எளிமைப் பிரியர்களின் சமாசாரம் வேறு. ‘இன்னும் கொஞ்சம் எளிமையாக இருக்கலாமே’ என்ற எண்ணம் ஒருவரைப் பிடித்துக்கொண்டால், அது அவரையும், அவரைக் கைப்பிடித்தவரையும், அவர்களுடைய மோட்டார் வண்டியையும், சில சமயங்களில் எதிர்வீட்டுக்கு வந்திருக்கும் விருந்தாளியையும்கூட ஆட்டிவைத்துவிட்டுத்தான் ஓயும்.

அந்த விருந்தாளி அடியேன்தான். அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்தில் வசிக்கும் என் மகள் வீட்டில் ஓர் இலையுதிர் காலத்தைக் கழிக்க நேர்ந்தபோது, எதிர்வீட்டில் ஓர் அம்மையாரைத் தரிசிக்கும் பாக்கியம் எனக்குக் கிட்டியது. அவருடைய பெயரைச் சொல்வது முறையன்று. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. மேப்பிள் மரமும், மரப்படிகளும், படியேறியதும் ஒரு வராந்தாவும் உள்ள தெரு அந்தத் தேசத்தில் எங்கே இருந்தாலும், தெருவுக்கு ஒருவர் வீதம் அவர் அங்கே அவதரித்திருக்கிறார் என்று என் மகள் சொன்னாள். ஆகவே அவரை எளிமை அம்மையார் என்றே அழைப்போம்.

வானசாஸ்திரப்படி, பகலும் இரவும் சமமாகும் செப்டம்பர் 22 அல்லது 23-ஆம் தேதியில் இலையுதிர் காலம் பிறக்கிறது. அம்மையாரின் பஞ்சாங்கத்திலோ, செப்டம்பர் மாதத்து முதல் திங்கட்கிழமை வரும் தொழிலாளர் தின விடுமுறை கழிந்த மறுநாள் விடியும்போதே அது பிறந்துவிடுகிறது. அன்றைய தினம் வெயில் 85 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கொளுத்தினாலும், மரத்தில் ஓர் இலைகூடப் பழுக்காமல் பச்சைப் பசேல் என்று நின்றாலும், அம்மையார் கழுத்தில் கம்பளிச் சால்வையைச் சுற்றிக்கொண்டு, நெற்றி வியர்வையை அதன் முனையாலேயே ஒற்றியவாறு வராந்தாவில் வந்து நின்று, “காற்றில் ஒரு குளுமை தெரிகிறதல்லவா?” என்று கணவரைக் கேட்பார்.

“தெரிகிறது” என்பார் கணவர். நீண்ட இல்லறத்தில் அவர் கற்றுத் தேர்ந்த வானசாஸ்திரம் அந்த ஒரு வார்த்தைதான்.

அடுத்தபடியாக அம்மையார் தம் வருடாந்தரப் பிரதிக்ஞையைச் செய்வார். “இந்த வருஷம் வாசலை எளிமையாகத்தான் அலங்கரிக்கப் போகிறேன். ஒரே ஒரு பூசணி, ஒரே ஒரு பூந்தொட்டி. அவ்வளவுதான்.” இந்தப் பிரதிக்ஞையைக் கேட்ட மாத்திரத்தில் கணவர் எழுந்து போய், வண்டியின் பின்னிருக்கைகளை மடக்கி, சாமான் ஏற்ற இடம் பண்ணத் தொடங்கியதைக் கண்டபோது, ஒரு பூசணிக்கு இவ்வளவு இடம் எதற்கு என்று நான் பேதையாய் வியந்தேன்.

அந்த ஒரு பூசணியைப் பற்றிச் சிறிது விவரமாகச் சொல்ல வேண்டும். நம் முன்னோர், பரங்கியர் கொண்டுவந்து சேர்த்த காய் என்பதனால் பரங்கிக்காய் என்று பெயர் சூட்டி, குழம்பிலும் கூட்டிலும் வேகவைத்துக் கணக்கைத் தீர்த்துக்கொண்ட அதே காய்தான் அது. அதன் ஆதி பூமி அமெரிக்கக் கண்டம். பிறந்தகத்தில் அதற்கு நடக்கும் ராஜோபசாரம் சொல்லி முடியாது. அதே ஓஹையோவில் சர்க்கிள்வில் என்னும் சிற்றூரில், 1903-ஆம் ஆண்டு தொடங்கிய பூசணித் திருவிழா ஒவ்வோர் அக்டோபரிலும் நடக்கிறது. ஆயிரம் பவுண்டுக்கும் மேற்பட்ட எடையுள்ள பூசணிகளை இயந்திரம் வைத்துத் தூக்கித் தராசில் நிறுத்துகிறார்கள். அம்மையாரும் அங்கே போய்வந்து, “அத்தனை பெரிதாக எதற்கு? எளிமை இல்லை” என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்புக் கூறிவிட்டார்.

எளிமையான பூசணி எது என்பதில்தான் சங்கடம். சாதாரண ஆரஞ்சு நிறம் கண்ணைக் குத்துகிறதாம். ஆகவே ‘லூமினா’ என்னும் வெள்ளைப் பூசணி ஒன்று வந்தது. வெள்ளை தனியாக இருந்தால் வெறிச்சென்று இருக்கிறது என்று, ஆஸ்திரேலியாவிலுள்ள ஓர் ஊரின் பெயரைத் தாங்கிய ‘ஜாராடேல்’ என்ற நீலச்சாம்பல் பூசணி துணைக்கு வந்தது. இரண்டு என்பது இரட்டைப்படை. அலங்கார சாஸ்திரத்தில் இரட்டைப்படை ஆகாது. மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படையாக வைத்தால்தான் அது தானாக அமைந்தது போலத் தோன்றுமாம். எனவே சிண்டரெல்லாவின் ரதம் போல் தட்டையாகவும் வரிவரியாகவும் இருக்கும் ஒரு பிரெஞ்சு ஜாதிப் பூசணி மூன்றாவதாக வந்தது. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கதவின் வலப்புறம் நிறுத்தியதும், இடப்புறம் அநாதையாகத் தெரிந்தது. இப்படியாக, தர்க்கத்தில் ஒரு பிழையும் இல்லாமல், படிப்படியாக, அந்த ஒரு பூசணி ஒன்பதாயிற்று.

இந்த ஒன்பதில் ஒன்றையாவது சமைப்பார்களா என்று என் மனைவி மகளிடம் ஆவலோடு விசாரித்தாள். சமைப்பதில்லை. நவம்பரில் செய்யும் பூசணிப் பணியாரத்துக்கு வேண்டிய பூசணிக் கூழ் தகர டப்பாவில் கடையிலிருந்து வருகிறது. அதில் பெரும்பகுதி, ‘உலகப் பூசணித் தலைநகரம்’ என்று பெயர் வாங்கிய மார்ட்டன் என்னும் ஊர் இருக்கும் இல்லினாய் மாகாணத்தில் விளைந்தது. வாசலில் ஒன்பது பூசணிகள் கொலுவீற்றிருக்க, அடுக்களையில் டப்பாவைத் திறக்கும் அந்தக் காட்சியை என் மனைவியால் கடைசிவரை ஜீரணிக்க முடியவில்லை.

பூசணிகள் வெறுந்தரையில் உட்காரலாமா? ஆசனமாக வைக்கோல் கட்டு வேண்டும். கணவர் ஒரு பண்ணைக்குப் போய், நாற்பது பவுண்டு கனமுள்ள செவ்வகக் கட்டு ஒன்றை இறக்கினார். அம்மையார் அதை முகர்ந்து பார்த்து, “இது காய்ந்த புல், நான் கேட்டது வைக்கோல்” என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். காய்ந்த புல் கால்நடைத் தீவனம், விதைகள் நிறைந்திருக்கும், மழை பட்டால் வராந்தாவிலேயே முளைத்து நிற்கும். வைக்கோலோ கோதுமையை அடித்து எடுத்தபின் எஞ்சும் தாள். தஞ்சை ஜில்லாவில் பிறந்த எனக்கு இந்தப் பேதம் தெரியாதா? ஆனால் அதை நான் ஆமோதித்துத் தலையசைத்தது பெரும் பிழையாயிற்று. கணவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கட்டை மறுபடி வண்டியில் ஏற்றினார்.

பிறகு தூணுக்கு ஒன்றாகச் சோளத்தட்டைக் கட்டுகள் வந்தன. செவ்வந்தித் தொட்டிகள் வந்தன. நம் ஊர்ச் சாமந்தியின் நெருங்கிய சொந்தமாகிய அந்தச் செடி, இரவு நீளத் தொடங்கியதை உணர்ந்த பிறகே மொட்டுக் கட்டும் சுபாவமுடையது. பூத்ததை வாங்கினால் சீக்கிரம் வாடிவிடும், மொட்டாக வாங்க வேண்டும் என்பது விதி. எல்லாத் தொட்டியும் ஒரே நாளில் மலர வேண்டும் என்று அம்மையார் ஒவ்வொரு மொட்டையும் பரிசோதித்துப் பொறுக்கியதைப் பார்த்தால், நம் ஊரில் பெண் பார்க்கப் போகிறவர்கள் அலட்சியக்காரர்கள் என்றே சொல்ல வேண்டும். கடைசியாக, கதவின் முன் கட்டம் போட்ட பெரிய விரிப்பு ஒன்றும், அதன்மேல் ‘நல்வரவு’ என்று எழுதிய தேங்காய் நார் மிதியடி ஒன்றுமாக இரண்டு விரிக்கப்பட்டன. இரண்டில் எதன்மேலும் எவரும் கால் வைக்கக் கூடாது. தபால்காரர் பக்கவாட்டில் தாண்டிக் குதித்துக் கடிதம் போடக் கற்றுக்கொண்டார்.

வராந்தாவில் இரண்டு சாய்ந்தாடும் நாற்காலிகள் இருந்தன என்பதை இங்கே குறிப்பிடுவது அவசியம். ஒன்றில் ஒரு போர்வை, யாரோ இப்போதுதான் எழுந்து போனது போன்ற பாவனையில், மடிப்புக் கலையாமல் சரிந்து கிடந்தது. மற்றொன்றில் ஒரு பூசணி வீற்றிருந்தது. மனிதர் உட்கார ஓரிடமும் இல்லை. அந்தத் தேசத்தார் எல்லாக் காலத்திலும் இப்படி இருந்தவர்கள் அல்லர். 1850-இல் கிராமப்புற வீடுகளைப் பற்றி நூல் எழுதிய ஆண்ட்ரூ ஜாக்சன் டவுனிங் என்பவர், வராந்தா இல்லாத வீடு வீடே அல்ல என்னும் ருசியைத் தம் ஜனங்களுக்கு ஏற்படுத்தினார். வராந்தா என்ற சொல்லே இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குக் கப்பலேறிய சொல்தான். 1896-இல் ஜனாதிபதித் தேர்தலுக்கு நின்ற வில்லியம் மக்கின்லி, எதிராளியாகிய பிரயன் ரயிலில் 18,000 மைல் சுற்றிக்கொண்டிருந்தபோது, இதே ஓஹையோவில் கான்டன் நகரத்துத் தம் வீட்டு வராந்தாவை விட்டு இறங்காமலே பிரசாரம் செய்து ஜெயித்தார். ஏறத்தாழ 7,50,000 பேர் அங்கே அவரைத் தேடி வந்தார்களாம், புல்தரை துவம்சமாயிற்று, வேலிக் கட்டைகளை ஞாபகார்த்தமாகப் பிடுங்கிப் போனார்கள். எளிமை அம்மையார் அன்று இருந்து, அந்தப் படிகளில் பூசணி வைத்திருந்தால், மக்கின்லி நிற்க இடமின்றித் தோற்றிருப்பார் என்பது என் திடமான அபிப்பிராயம்.

அக்டோபர் முதல் வாரத்தில் அணில் வந்தது. முதுகில் மூன்று கோடுள்ள நம் சாதுவன்று. பூனைக்குட்டியளவு பருத்த உருவம், குஞ்சம் போன்ற வால், எவருக்கும் அஞ்சாத பார்வை. அது ஒன்பது பூசணிகளையும் சுற்றிவந்து, மிக விலையுயர்ந்த பிரெஞ்சுப் பூசணியைத் தேர்ந்தெடுத்து, விதை வரை துளைத்துச் சாப்பிட்டது. மிளகாய்ப் பொடி தூவினால் வராது என்று யாரோ சொல்ல, கணவர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். குண்டூர் மிளகாயை வெயிலில் காயவைத்து என் மனைவி இடித்துக் கொண்டுபோயிருந்த பொடியில் ஒரு கிண்ணம் ஈந்தோம். பறவைகளுக்கு உறைக்காத அந்தக் காரம் அணிலுக்கு உறைக்கும் என்பது உண்மையே. இரண்டு நாள் அது வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, நக்கிப் பார்த்து, சற்று யோசித்துவிட்டு மறுபடியும் சாப்பிட்டது. “பழகிவிட்டது, இனிமேல் ஊறுகாய் கேட்கும்” என்றாள் என் மனைவி.

அக்டோபர் நடுவில் ஓரிரவு பெருங்காற்று அடித்தது. விடியற்காலையில் பார்த்தால், எதிர்வீட்டு மேப்பிள் மரம் செம்மையும் பொன்னுமாகத் தன் இலைகளை அந்தப் படிகளின்மேல் விசிறியிருந்தது. நான் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தபோதே அம்மையார் துடைப்பத்துடன் வெளியே வந்து, ஓர் இலை விடாமல் கூட்டித் தள்ளினார். கைப்பிடிச் சுவரில் அவர் கட்டியிருந்த துணி மேப்பிள் இலைத் தோரணம் மறைந்துபோயிருந்ததாம்.

அன்றைக்கு அவர் மனம் சற்றுத் தளர்ந்திருந்தது. தெருவில் நின்ற என்னை அழைத்து, “இன்னும் எளிமை வரவில்லை. எங்கேயோ தவறுகிறது. உங்கள் தேசத்தில் வாசலை எப்படி அலங்கரிப்பீர்கள்?” என்று கேட்டார். இங்கே நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஸ்வதேசாபிமானம் என்னை விடவில்லை. வாசலில் தண்ணீர் தெளித்து, அரிசிமாவால் கோலம் போடுவதையும், மார்கழி மாதத்து விடியலில் அந்தக் கோலத்தின் நடுவே சாணத்தை உருண்டை பிடித்து வைத்து, அதன் உச்சியில் ஒரு பரங்கிப் பூவைச் செருகி வைப்பதையும் விஸ்தாரமாக வர்ணித்தேன்.

அம்மையாரின் கண்கள் பனித்தன. “ஒரு பூ! ஒரே ஒரு பூ!” என்றார். “இத்தனை வருஷமாக நான் தேடியது இதுவல்லவா!”

பூசணிப் பூ அந்த ஊரில் கோடையில் பூத்து ஓய்ந்துவிடும், மார்கழியில் பனிக்கட்டிதான் பூக்கும் என்று நான் எடுத்துச் சொன்னேன். அவர் மசியவில்லை. பூவை அடுத்த வருஷம் வாசலிலேயே கொடி போட்டு உண்டாக்கிக்கொள்ளலாம். சாணத்துக்கு இப்போதே ஓர் ஒத்திகை பார்த்துவிட வேண்டும். ஐந்து உருண்டை போதும், ஒற்றைப்படையாக. ஹோம்ஸ் ஜில்லாவில் மோட்டார் வண்டி வைத்துக்கொள்ளாமல் குதிரை வண்டியில் போகும் ஆமிஷ் ஜனங்கள் பசு வளர்க்கிறார்கள். அங்கே நல்ல சாணமாகப் பார்த்து வாங்கிவரலாம் என்று, நான் பேசி முடிப்பதற்குள் ஏற்பாடு முடிந்துவிட்டது.

கணவர் அன்று சாயங்காலம் திரும்பினார். வண்டியின் பின்கதவைத் திறந்து, மூடிபோட்ட வாளி ஒன்றை இரண்டு கைகளாலும் பக்குவமாக இறக்கிவைத்தார். மூடி வழியில் ஒருமுறை நழுவியிருக்க வேண்டும் என்பது காற்றிலேயே தெரிந்தது. பிறகு வீதியைக் கடந்து என்னிடம் வந்தார். அத்தனை நாட்களில் அவர் தாமாக என்னிடம் கேட்ட முதற் கேள்வி அதுதான்.

“உங்கள் ஊரில் இதை யார் போய் வாங்கிவருவார்கள்?”

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “யாரும் போவதில்லை. பசுவே வாசலுக்கு வந்து போட்டுவிட்டுப் போகும்” என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லாமல் திரும்பி, திறந்து கிடந்த வண்டியின் உட்புறத்தையே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.