இரண்டு பேர், ஐந்து வகுப்பு

ஈராசிரியர் பள்ளி என்பது ஒன்று முதல் ஐந்து வரை எல்லா வகுப்புகளும் இருந்து, ஆசிரியர் இருவர் மட்டுமே உள்ள தொடக்கப் பள்ளி. இருவரில் ஒருவர் தலைமையாசிரியர். அவர் தலைமை தாங்க எஞ்சியிருப்பவர் ஒருவர். அவரும் பயிற்சிக்குப் போய்விட்ட நாளில் தலைமை மட்டும் இருக்கும்.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர். 61 முதல் 90 வரை 3. 91 முதல் 120 வரை 4. ஆளுக்கு 30 பிள்ளை. கணக்கு சரிதான். ஆனால் அட்டவணை தலைகளை எண்ணுகிறது, வகுப்புகளை எண்ணுவதில்லை. முதல் மூன்று வகுப்பும் ஒரே அறையில் இருந்தால், ஒன்றாம் வகுப்புக்கு ‘அ’ எழுதிக் காட்டித் திரும்புவதற்குள் மூன்றாம் வகுப்பு வகுத்தலில் மீதி வராமல் தவிக்கும். இரண்டாம் வகுப்பு ஒற்றை விரலைக் காட்டிக்கொண்டு வாசலில் நிற்கும்.

ஸ்காட்லாந்தில் இப்படிக் கலந்த வகுப்புக்கென்று தனி உச்சவரம்பே உண்டு: 25. அங்கே தொடக்கப் பள்ளியின் மேல்வகுப்புகளுக்கு 33 வரை போகலாம். வகுப்புகள் கலந்தால் தலைகள் குறைய வேண்டும் என்பது அவர்கள் நியாயம்.

தமிழ்நாடு வரம்பைத் தொடாமல் பாடமுறையை மாற்றிப் பார்த்தது. ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியின் முறையைத் தழுவி, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. பின்னர் மாநிலமெங்கும் பரவியது. பிள்ளை தன் பாட அட்டையைத் தானே எடுத்து, ஏணிப்படிப்படியாக முன்னேறும். ஆசிரியர் பாயில் உட்கார்ந்தார். 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்தது. நிலக்கோட்டைப் பூச்சந்தைக்குப் பக்கத்திலிருக்கும் செம்பட்டி வட்டாரத்தில் இந்தப் பெயர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மூன்று வகுப்பையும் மூன்று நிலையையும் பெருக்கிப் பார்க்கும் வேலையை மட்டும் விவரமுள்ள ஆசிரியர்கள் செய்வதில்லை.

இங்கே உச்சவரம்பைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை; பயமெல்லாம் எண்ணிக்கை குறைவதில்தான். ஆகஸ்ட் 1 நிலவரப்படி தலை எண்ணப்படும். குறைந்தால் ஒருவர் ‘உபரி’ ஆகி, பணி நிரவலில் வேறு ஊருக்குப் போவார். ஆகையால் எந்த வீட்டில் எந்தப் பிள்ளைக்கு ஐந்து வயது நிறைகிறது என்பது கிராம நிர்வாக அலுவலரைவிடத் தலைமையாசிரியருக்கு நன்றாகத் தெரியும். செம்பட்டி நால்ரோட்டில் காலையில் தனியார் பள்ளி வேன்கள் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகிற நேரத்தில், சுற்றுக் கிராமங்களில் அவர் வீடு வீடாக ஏறி இறங்குவார். இலவசப் புத்தகம், சீருடை, காலை உணவு எல்லாம் சொல்லி முடித்ததும் தாய்மார் கேட்பது ஒன்றைத்தான்: “வேன் வருமா சார்?”

61-ஆவது பிள்ளை கிடைத்தால் மூன்றாவது ஆசிரியர் வரலாம். அதனால் அந்த ஒரு பிள்ளைக்கு ஊரில் மாப்பிள்ளை மரியாதை. அது மாமா வீட்டோடு திருப்பூர் போய்விட்டால் கணக்கு பழையபடி இரண்டு.

வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்பது ஆசிரியர் சங்கங்களின் நெடுநாள் கோரிக்கை. இப்போதுள்ள அட்டவணைப்படி, ஐந்து வகுப்புக்கு ஐந்து ஆசிரியர் கிடைக்க ஒரு பள்ளியில் 121 பிள்ளைகள் இருக்க வேண்டும்.