செய்திகள் வாசிப்பது இயந்திரம்

செய்திகள் வாசிப்பது இயந்திரம். எழுதிக் கொடுத்தது யார் என்று கேட்பது நாகரிகமில்லை.

முதலில் தலைப்புச் செய்திகள். அமெரிக்காவில் கல்லாப்பெட்டி ஒழிந்தது. ஒரே தட்டலில் உலகச் சந்தை வீட்டு வாசலுக்கு வந்தது. இரும்பு மனிதன் விருந்தாளிகளுக்குக் கோப்பை நிரப்பினான். உரையாடும் இயந்திரம் அசிங்கமாகப் பேசாமலிருக்கக் கற்றுக்கொண்டது. உள்நாட்டில், வெயிலில் மண் வெட்டிய பெண் தான் அங்கே இருந்ததை ஒரு செல்போனுக்கு நிரூபிக்கத் தவறினாள். இனி விரிவான செய்திகள்.

2018 ஜனவரியில் சியாட்டில் நகரத்தில் கல்லாவே இல்லாத கடையை அமேசான் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டபோது பத்திரிகைகள் புல்லரித்துப்போயின. உள்ளே போகலாம், வேண்டியதை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளலாம், ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் வெளியே வந்துவிடலாம். கூரையெங்கும் கேமரா, அலமாரியெங்கும் எடை உணரும் கருவி. நீங்கள் எடுத்தது தயிரா வெண்ணெயா என்பதைச் செயற்கை நுண்ணறிவு கண்டுகொள்ளும். பில் தானாக வந்து சேரும். வரிசை கிடையாது, சில்லறைத் தகராறு கிடையாது, ‘கவர் வேணுமா சார்’ கிடையாது. இன்னொரு மனிதன் முகத்தில் விழிக்காமல் பால் வாங்குவது இவ்வளவு பெரிய விடுதலை என்று அதுவரை நமக்கு யாரும் சொல்லவில்லை.

2024 ஏப்ரலில், அமெரிக்காவிலுள்ள தன் பெரிய மளிகைக் கடைகளிலிருந்து இந்த ஏற்பாட்டை எடுத்துவிடப்போவதாக அதே நிறுவனம் சொன்னது. கூடவே குட்டும் வெளிப்பட்டது. கேமராப் பதிவுகளைப் பார்த்துச் சரிசெய்ய இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உட்கார்ந்திருந்தார்களாம். 2022இல் 1,000 விற்பனைக்கு 700ஐ மனிதக் கண்தான் பார்க்க வேண்டியிருந்ததாம். ‘தி இன்ஃபர்மேஷன்’ இதழ் இப்படி எழுத, அமேசான் மறுத்தது. அவர்கள் முக்கியமாக இயந்திரத்துக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவர்கள். அவர்கள் சரிபார்ப்பது மிகச் சில விற்பனைகளை மட்டும்தான் என்றது. சரி, எழுநூறு வேண்டாம், எழுபது என்றே வைத்துக்கொள்வோம். அந்த எழுபதைப் பொறுத்தவரை கல்லா ஒழியவில்லை. கடல் தாண்டி, சம்பளம் குறைந்த ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போயிருந்தது. முகம் தெரியாத ஒரு சீமாட்டியின் பையில் விழுந்தது கொழுப்புள்ள பாலா கொழுப்பு நீக்கியதா என்று திரையை உற்றுப் பார்த்த நம்மூர்க்காரருக்கு, விளம்பரப் புத்தகத்தில் ‘அல்காரிதம்’ என்று நாமகரணம் சூட்டியிருந்தார்கள். அந்தப் பெயரில் அவருக்கு உலகப் புகழ் உண்டு. சம்பளச் சீட்டுத்தான் வேறு பெயரில்.

அடுத்த செய்தி நியூயார்க் நீதிமன்றத்திலிருந்து. ‘நேட்’ என்றொரு செயலி. எந்த இணையக் கடையில் எந்தப் பொருளைக் கண்டாலும் ஒரு தட்டு தட்டினால் போதும், அளவு, முகவரி, அட்டை எண் எல்லாவற்றையும் செயற்கை நுண்ணறிவே நிரப்பி வாங்கிவிடும் என்று சொல்லி, 4 கோடி டாலருக்கு மேல் முதலீடு திரட்டினார்கள். நிரப்பியது பிலிப்பீன்ஸ் நாட்டுக் கால் சென்டரில் இருந்த ஆட்கள் என்றும், இயந்திரம் தானாகச் செய்த வேலை ஏறத்தாழப் பூஜ்யம் என்றும் 2025 ஏப்ரலில் நிறுவனர்மீது அமெரிக்க அரசு குற்றம் சாட்டியது. எனக்கு அந்தக் குற்றப்பத்திரிகையில் மிகவும் பிடித்த இடம் வேறு. 2021இல் பிலிப்பீன்ஸைப் புயல் தாக்கியதாம். உடனே இந்தச் செயலி தேங்கிப்போக, அவசர அவசரமாக ருமேனியாவில் இன்னொரு கால் சென்டர் திறந்தார்களாம். அடைமழைக்கு லீவு போட்ட செயற்கை நுண்ணறிவை உலகம் அதற்கு முன் கண்டதில்லை. அதிலும் கவனியுங்கள்: வழக்கு எதற்கு? முதலீட்டாளர்களை ஏமாற்றியதற்கு. புயலில் தட்டச்சு செய்தவர்களை இல்லையென்று சொன்னதற்கு எந்த நாட்டுச் சட்டத்திலும் பிரிவு கிடையாது.

அமெரிக்காவில் காரில் இருந்தபடியே சாப்பாடு வாங்கும் ஜன்னல்களில் ஆர்டர் எடுக்கும் பேசும் இயந்திரத்தை விற்றது பிரெஸ்டோ நிறுவனம். பத்தில் ஏழு ஆர்டருக்கும் மேலாகப் பிலிப்பீன்ஸ் போன்ற நாடுகளிலிருந்து மனிதர்கள் கைகொடுத்த விவரம் 2023இல் அதன் சொந்த ஆவணங்களிலிருந்தே தெரியவந்தது. 2024 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸ் விழாவில் எலான் மஸ்க்கின் ரோபோக்கள் நடந்து வந்து, பேசி, பானம் ஊற்றின. பின்னாலிருந்து ஆள் இயக்கியதும் தெரிந்துபோனது. பொம்மலாட்டக்காரன் கயிற்றை மறைக்கத்தான் செய்வான். ஆனால் அவன் ஆட்டம் முடிந்ததும் திரைக்கு முன்னால் வந்து கும்பிடு போட்டு, தட்டை நீட்டுவான். இவர்கள் தட்டை மட்டும் நீட்டுகிறார்கள்.

இந்த வித்தை புதிதுமில்லை. 1770இல் வியன்னா அரசவையில், மகாராணி மரியா தெரசாவின் முன், கெம்பெலன் என்பவர் சதுரங்கம் ஆடும் மரப் பொம்மையைக் கொண்டுவந்து நிறுத்தினார். தலைப்பாகை கட்டிய துருக்கியன். கீழே பெட்டி, கதவைத் திறந்தால் பல்சக்கரங்கள். ஐரோப்பா வாயைப் பிளந்தது. 1809இல் நெப்போலியனே அதனிடம் தோற்றுப்போனார். உள்ளே மெழுகுவத்தி வெளிச்சத்தில் முதுகை மடக்கி ஒரு சதுரங்க வித்தகர் உட்கார்ந்திருந்தார். கெம்பெலனை நான் மன்னித்துவிடுவேன். அவர் தேடிப் பிடித்தது ஆட்டத்தில் தேர்ந்தவர்களை, ஏமாற்றியது ராஜாக்களை. அமேசான் 2005இல் மனிதர்களைக் கொண்டு துண்டு துண்டாக வேலை வாங்கும் தன் இணையச் சந்தைக்கு அந்தப் பொம்மையின் பெயரையே சூட்டியது. வெட்கப்பட்டு மறைக்கக்கூட முயலாத அந்தத் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.

இதுவரை படித்ததற்குச் சிரிக்கலாம். அடுத்ததற்கு முடியாது.

சாட்ஜிபிடி என்ற அதிசயம் ஏன் நம்மிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறது தெரியுமா? இணையத்தின் சாக்கடையெல்லாம் அதற்குத் தீனியாகப் போயிருந்தது. எது சாக்கடை என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க யாராவது அதைப் படித்து, வகை பிரித்து, பெயர் ஒட்ட வேண்டும். அந்த வேலை 2021இன் கடைசியில் ‘சாமா’ என்ற ஒப்பந்த நிறுவனத்தின் வழியாகக் கென்யாவுக்குப் போனது. குழந்தைகளைச் சீரழிப்பது, சித்திரவதை, கொலை, தற்கொலை ஆகியவற்றை அணுஅணுவாக வருணிக்கும் பகுதிகளை அங்கிருந்த இளைஞர்கள் நாள் முழுக்கப் படித்தார்கள். படித்தது தூக்கத்திலும் விடாமல் துரத்தியது என்று அவர்களில் சிலர் சொன்னார்கள். கைக்கு வந்த கூலி மணிக்கு 1.32 டாலரிலிருந்து 2 டாலர்வரை. 2023 ஜனவரியில் ‘டைம்’ இதழ் இந்தக் கணக்கை வெளியிட்டது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ அந்த ஒப்பந்த நிறுவனத்துக்கு ஒத்துக்கொண்ட தொகையோ மணிக்கு 12.50 டாலர். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்ற பழமொழி நைரோபிவரை செல்லுபடியாகும் என்று நம் முன்னோர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

இதற்குப் ‘பாதுகாப்பு’ என்று பெயர். யாருக்குப் பாதுகாப்பு? சான் பிரான்சிஸ்கோவில் கடிதம் எழுதச் சொல்லிக் கேட்கிறவர் கண்ணில் அழுக்குப் பட்டுவிடக் கூடாது. அதற்காக ஒருவர் தலைக்குள் அந்த அழுக்கைக் கொட்டி வைத்தார்கள். பிறகு மேடையேறி, இயந்திரத்துக்கு உணர்வு வந்துவிடுமா, அதன் மனம் புண்படுமா என்று தத்துவ விசாரம் செய்தார்கள். மனம் இருப்பது ஏற்கெனவே நிரூபணமானவர்களைப் பற்றிப் பேச மேடையில் நேரமில்லை. 2024 மேயில் கென்யத் தொழிலாளர்கள் ஏறத்தாழ நூறு பேர், எங்கள் வேலை நவீன அடிமைத்தனம் என்று அமெரிக்க அதிபர் பைடனுக்கே எழுதினார்கள். அந்தக் கடிதம் தலைப்புச் செய்தியாகவில்லை. அதே மாதம் இயந்திரம் சிரித்துக் குழைந்து பேசும் புதுக் குரல் தலைப்புச் செய்தியானது.

உள்நாட்டுச் செய்திகள்.

வெளிநாட்டில் இயந்திரத்துக்குள் மனிதனை ஒளித்தார்கள். நம் அரசு அந்த அளவுக்குச் சிரமப்படவில்லை. ஊர் ‘நூறு நாள் வேலை’ என்று அழைத்த திட்டத்தில், 2023 ஜனவரி 1 முதல் எல்லா வேலைத்தளங்களிலும் வருகைப்பதிவு செல்போன் செயலி வழியாகத்தான் என்று ஒன்றிய அரசு உத்தரவு போட்டது. காலையில் ஒரு படம், மதியத்துக்கு மேல் ஒரு படம். இடமும் நேரமும் அதில் பதிந்திருக்க வேண்டும். ஏரிக்கரையில் டவர் கிடைக்கவில்லை என்றால்? படம் ஏறாது. படம் ஏறாவிட்டால்? வெட்டிய மண் வெட்டாத மண் ஆகிவிடும். கரை உயர்ந்திருக்கும், கை காய்த்திருக்கும், ஆனால் வேலை நடந்திருக்காது. வேலை சீக்கிரம் முடிந்தவர்களும் இரண்டாவது படத்துக்காக வெயிலில் காத்திருந்தார்கள். அந்தப் பிப்ரவரியில் இதை எதிர்த்துத் தொழிலாளர்கள் டெல்லி ஜந்தர் மந்தரில் போய் உட்கார்ந்தார்கள். செயலி அசையவில்லை.

திருட்டை ஒழிக்க வந்தது அல்லவா இந்தச் செயலி? 2025 ஜூலையில் அதே அமைச்சகம் மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. சம்பந்தமே இல்லாத படங்களை ஏற்றுகிறார்கள். படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள். பதிவில் ஓர் எண்ணிக்கை, படத்தில் ஓர் எண்ணிக்கை. ஆண் என்ற இடத்தில் பெண், பெண் என்ற இடத்தில் ஆண். ஆக, திருடத் தெரிந்தவனுக்குச் செயலி ஒரு தடையாகவே இல்லை. டவர் இல்லாத ஊரில் ஒழுங்காக மண் வெட்டினவளுக்குத்தான் அது தடை. அமைச்சகம் கண்டுபிடித்த பரிகாரம் என்ன? ஊராட்சி மட்டத்தில் எல்லாப் படங்களையும் மனிதர்கள் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். ஆளை நம்ப முடியாது என்று இயந்திரம் வாங்கி, இயந்திரத்தை நம்ப முடியாது என்று ஆளை உட்கார வைத்தாகிவிட்டது. சியாட்டில் கடைக்காரன் இந்த இடத்துக்கு வந்து சேர ஆறு வருடம் ஆனது. நாம் இரண்டரை வருடத்தில் வந்துவிட்டோம். வல்லரசு என்றால் சும்மாவா.

ரேஷன் கடைக்கு வாருங்கள். “ரேகை விழல பாட்டி, கையைத் துடைச்சுட்டு வைங்க.” துடைக்கத் துடைக்க அந்த விரலில் இருப்பது அறுபது வருடத்துக் களையெடுப்பும் பாத்திரத் தேய்ப்பும்தான். விரலில் ரேகை இல்லாமல் போகுமளவுக்கு உழைத்ததற்கு இந்த நாடு தரும் பதக்கம், ‘நாளைக்கு வாங்க.’ விரல் ஏமாற்றினால் கருவிழி உண்டு என்கிறார்கள். கண்ணில் புரை வந்திருந்தால் என்ன செய்வது? இன்னொரு நாளைக்கு வாங்க.

2017 செப்டம்பரில் ஜார்க்கண்ட் மாநிலம் சிம்டேகா மாவட்டத்தில் பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாருடன் இணைக்கவில்லை என்று குடும்பத்தின் ரேஷன் அட்டையை அதற்கு முன்பே ரத்து செய்திருந்தார்கள். சோறு சோறு என்று கேட்டபடியே செத்தாள் என்றார் அவளைப் பெற்றவள். இல்லை, மலேரியா என்றார்கள் அதிகாரிகள். மலேரியா என்றே வைத்துக்கொண்டாலும் ஒன்று விளங்குகிறது: காய்ச்சல் அவளை அடையாளம் கண்டுகொள்ள எந்த எண்ணையும் கேட்கவில்லை. அரிசிதான் கேட்டது.

இதற்குப் பிறகாவது கூச்சம் வந்ததா என்றால், 2025 ஜூலை முதல் அங்கன்வாடியில் வீட்டுக்கு எடுத்துப்போகும் ஊட்டச்சத்து உணவுக்கும் முகம் காட்ட வேண்டும். கர்ப்பிணியும் பச்சை உடம்புக்காரியும் அங்கன்வாடிப் பணியாளரின் செல்போன் முன்னால் நின்று, தலையைத் தூக்கி, கண்ணைச் சிமிட்டி, நான் நானேதான் என்று சாட்சி சொல்ல வேண்டும். ஊரில் ஒவ்வொரு பெண்ணையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் பணியாளர், அவளை எனக்குத் தெரியும் என்று சொன்னால் செல்லாது. செல்போனுக்குத் தெரிய வேண்டும். சத்துமாவைத் திருடிக்கொண்டு சுவிட்சர்லாந்துக்குத் தப்பிவிடுவாளோ என்ற பயம். வங்கிகளில் ஆயிரக்கணக்கான கோடியை வாரிக்கொண்டு விமானம் ஏறியவர்களின் முகம் மட்டும் எந்தக் கேமராவிலும் மங்கலாகவே விழுந்திருக்கிறது.

கடைசியாக ஒரு டெண்டர் அறிவிப்பு. இந்தச் செயலிகளுக்கு ஒப்புதல் கையெழுத்துப் போட்ட அதிகாரிகளுக்காக ஒரு வருகைப்பதிவுச் செயலி தேவை. காலை ஒரு படம், மதியத்துக்கு மேல் ஒரு படம், இரண்டும் திறந்த வெளியில். முகம் ஒத்துவரவில்லை என்றால் அன்றைய சம்பளம் கிடையாது. முறையீட்டுக்கு மாவட்டத் தலைநகரம் போக வேண்டும், பஸ் கட்டணம் அவர்களுடையது. நெட்வொர்க் இல்லாத இடமாகப் பார்த்து வேலைத்தளம் ஒதுக்கப்படும். சோதனை ஓட்டத்துக்கு மே மாதம் உகந்தது. நாள் சம்பளத்தை, 2025-26இல் தமிழ்நாட்டு ஏரிக்கரைக்கு நிர்ணயித்த அதே 336 ரூபாயாக வைத்துக்கொள்ளலாம்.